பொதிகை ஏறிய பழைய காமிரா

*கைபேசிகள் பெருகிய காலத்தில், இருபது வருஷத்துக்கு முந்திய மலிவான டிஜிட்டல் காமிராவோடு மலையேறுவதில் என்ன பிரயோஜனம்? தாமிரபரணிப் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை.*

அம்பாசமுத்திரத்துக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவே தாமிரபரணியைக் கடக்கும் பாலத்தில், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதத்துக் காலையொன்றில் நின்று மேற்கே நோக்குகிறவர்களுக்கு, அறுவடையை எதிர்பார்த்து நிற்கும் வயல்களுக்கு அப்பால், மலைத்தொடர் முழுவதும் ஒரே வீச்சில் தெரியும். கிழக்கிலிருந்து அடிக்கிற இளவெயில் அதன் மடிப்புகளையும் பாறைச் சரிவுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும். வெயில் ஏற ஏற மேகம் திரண்டு சிகரங்களை மூடத் தொடங்கும். பிற்பகலில் சூரியன் மலைக்குப் பின்னே போய்விட, காலையில் கண்ட விவரங்களெல்லாம் மறைந்து ஒரே கறுத்த விளிம்பாக மலை நின்றுவிடும். திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்கள் பொதிகையை இப்படித்தான், காலையில் சற்று நேரம் கிடைக்கும் தரிசனமாக, அறிந்திருக்கிறார்கள்.

இந்தத் தரிசனத்தை விலையுயர்ந்த காமிராக்கள் எத்தனையோ தரம் படம் பிடித்திருக்கின்றன. இன்று கைபேசி இல்லாத கையே இல்லை என்பதால், படத்துக்குப் பஞ்சமும் இல்லை. இருந்தபோதிலும், பலர் வீட்டு பீரோவின் அடித்தட்டில், பழைய பாஸ்புக்குகளுக்கும் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் நடுவே, செல் கழற்றப்பட்டுச் சும்மா கிடக்கிற சின்ன டிஜிட்டல் காமிரா ஒன்று உண்டல்லவா, அதைத் துடைத்தெடுத்து மலைக்குக் கொண்டுபோகவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். சிக்கனத்துக்காகவோ, பழமையின்மீது இளைஞர்களுக்கு இப்போது வந்திருக்கிற மோகத்துக்காகவோ அல்ல. ஒரு மலையை ஆண்டுக்கணக்கில் கவனித்து, அதில் நேர்கிற மாறுதல்களைக் குறித்து வைக்க விரும்புகிறவர்களுக்கு, தான் மாறாமல் இருக்கும் ஒரு கருவி அவசியம் என்பதற்காக.

ஒரு யந்திரத்தின் ஆயுள்

பிலிம் இல்லாமல் படம் பிடிக்கும் வித்தை மிகச் சமீபத்தியது. ஒளியை மின்னூட்டமாக மாற்றிச் சேர்த்துவைக்கும் சிசிடி என்ற சில்லை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்ற இருவர் 1969-இல் கண்டார்கள். அதற்கான நோபல் பரிசு அவர்களை அடைய 2009 வரை காத்திருக்க நேர்ந்தது. இடையே 1975-இல், கோடாக் கம்பெனியில் இளம் பொறியாளராக இருந்த ஸ்டீவன் சாஸன், அத்தகைய சில்லைக் கொண்டு முதல் டிஜிட்டல் காமிராவை அமைத்தார். அது ஏறத்தாழ 3.6 கிலோ கனம். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிவு செய்ய 23 விநாடி பிடித்தது. படத்தில் இருந்தவை மொத்தம் பதினாயிரம் புள்ளிகளே. அதே கம்பெனியின் பிரைஸ் பேயர் என்பவர், சில்லின் ஒவ்வொரு புள்ளியின்மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றில் ஒரு வர்ணத்தின் வடிகட்டியை வைக்கும் ஏற்பாட்டுக்கு 1976-இல் காப்புரிமை பெற்றார். மனிதக் கண் நுணுக்கத்தை உணர்வது பெரும்பாலும் பச்சை ஒளியைக் கொண்டே என்பதால், வடிகட்டிகளில் சரிபாதியைப் பச்சைக்கே ஒதுக்கினார். விலை எதுவானாலும் இன்றைய காமிராக்களில் மிகப் பெரும்பாலானவை அந்த ஏற்பாட்டைத்தான் பின்பற்றுகின்றன. மழைக்காட்டுக்குள் நுழைகிறவன் கையிலுள்ள மலிவான காமிராவும் பாதிக் கண்களைப் பச்சைக்கென்றே திறந்து வைத்துக்கொண்டுதான் வருகிறது என்று அறியும்போது, அதன்மேல் ஒரு மரியாதையே உண்டாகிறது.

நம் ஊர்களில் க்ளிக் 3 பெட்டிக் காமிராவும், பிறகு ஹாட் ஷாட்டும் வகித்த ஸ்தானத்தை, இந்த நூற்றாண்டின் முதல் பத்து ஆண்டுகளில் இச்சிறு டிஜிட்டல் காமிராக்கள் வகித்தன. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ விடுமுறைக்கு வந்த மாமாவின் பெட்டியில் அது இறங்கியது. காதுகுத்துக்கும் கொடை விழாவுக்கும் குற்றாலத்துச் சீசனுக்கும் உடன் வந்தது. உலகம் முழுவதும் 2010-ஆம் ஆண்டில் மட்டும் 12 கோடிக்கும் அதிகமான டிஜிட்டல் காமிராக்கள் கடைகளுக்கு அனுப்பப்பட்டன. பிறகு கைபேசியிலேயே காமிரா தேர்ச்சி பெற்றுவிட, 2023-இல் அந்தத் தொகை 80 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒரு பண்டம் இவ்வளவு வேகமாகப் பெருகி, இவ்வளவு வேகமாக ஒழிந்ததற்கு உதாரணங்கள் அதிகம் இல்லை. ஒழிந்தது வியாபாரமே, காமிராக்களில் பல இன்னும் உயிரோடு இருக்கின்றன.

நான் மலைக்கு எடுத்துச் செல்வது 2005-இல் வெளிவந்த கானன் பவர்ஷாட் ஏ520. நாற்பது லட்சம் புள்ளிகள், அதாவது 4 மெகாபிக்சல். நாலு மடங்கு ஜூம். உணர்திறன் ஐஎஸ்ஓ 50 முதல் 400 வரை. இரண்டு பென்சில் செல். 2 ஜிபிக்கு மேற்பட்ட மெமரி கார்டை ஏற்காத வயிறு. இக்காலத்துக் கணக்கில் இவையெல்லாம் அல்பம் என்றே தோன்றும். ஆனால் 2272-க்கு 1704 புள்ளிகள் கொண்ட படம், அஞ்சலட்டை அளவில் அச்சிடுவதற்குத் தேவையானதைவிட அதிகம். இப்பத்திரிகையின் பாதிப் பக்கத்தில் போட்டாலும் குறை தெரியாது. அந்தச் சின்னக் கார்டிலும் ஏறத்தாழ ஆயிரம் படங்கள் அடங்கும். மலையில் ஆயிரம் படம் எடுக்கிறவன் மலையைப் பார்த்திருக்க நியாயமில்லை.

தன் மலைக்கு ஊர் சுற்றிப் போகிற வழி

பொதிகையின் உச்சியான அகத்தியர் கூடம் 1,868 மீட்டர் உயரம். தாமிரபரணி அதன் கிழக்குச் சரிவில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. நதி நம்முடையதாயினும், சிகரத்துக்கு ஏறும் வழி இப்போது நம் பக்கத்தில் இல்லை. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமாக 1988-இல் அமைந்தது. அதன் உட்காட்டுக்குள், காரையாறு அணைக்கும் பாணதீர்த்தத்துக்கும் அப்பால், பூங்குளம் வழியாகச் சென்ற பழைய யாத்திரைப் பாதை பொதுமக்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. ஆகவே திருநெல்வேலிக்காரன் தன் மலையில் ஏறுவதற்குத் திருவனந்தபுரத்தைச் சுற்றிக்கொண்டு, மேற்குச் சரிவிலுள்ள போனக்காடு போய்ச் சேரவேண்டும். அங்கே கேரள வனத்துறை, மகரவிளக்கு முடிந்த பிறகு சிவராத்திரியை ஒட்டிய காலம் வரையில், நாளொன்றுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையினரை மட்டும் வழிகாட்டிகளோடு அனுப்புகிறது. 2019 முதல் பெண்களும் ஏறுகிறார்கள்.

அவ்வளவு தூரம் போக இயலாதவர்களுக்கு இப்பக்கமும் வழி இல்லாமல் போகவில்லை. குரங்கணியில் 2018 மார்ச் மாதம் மலையேறச் சென்றவர்களைக் காட்டுத்தீ பலி கொண்ட பிறகு, மலையேற்றம் என்ற பேச்சுக்கே அதிகாரிகள் அஞ்சிய காலம் ஒன்று இருந்தது. அந்த அச்சத்தை ஒழுங்குக்கு உட்படுத்தி, 2024 அக்டோபரில் தமிழக அரசு நாற்பது மலைப்பாதைகளைத் திறந்தது. முன்பதிவு, வழிகாட்டி, நேரக் கட்டுப்பாடு எல்லாம் உண்டு. அவற்றில் ஒரு பாதை காரையாற்றிலிருந்து தொடங்குகிறது. தென்காசிப் பக்கம் குற்றாலத்திலிருந்து செண்பகாதேவிக்கு ஏறுவது இன்னொன்று. வழிகாட்டிகளாக வருகிறவர்களில் மலைவாழ் மக்களும் அடிவாரத்து இளைஞர்களும் உண்டு. பாபநாசத்து மலையில் மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி முதலிய குடியிருப்புகளில் காணிக்காரர் வசிக்கிறார்கள். காட்டின் விஷயத்தில் அவர்கள் கண்ணுக்கு முன்னால் எந்த லென்ஸும் நிற்காது.

மலை ஏறுவதற்கு முன் அம்பாசமுத்திரம் கடைவீதியில் செல் வாங்குகிற சடங்கு ஒன்று இருக்கிறது. காமிராவைக் கண்டதும் கடைக்காரர் எடுத்த செல்லைத் திரும்ப வைத்துவிட்டார்.

"அண்ணாச்சி, இது ரிமோட்டுக்குப் போடுத செல்லு. காமிராவுக்குப் போட்டியள்னா பத்துப் படத்துக்குக்கூட காணாது. சார்ஜ் பண்ணுத செல்லா ரெண்டு ஜோடி வாங்கிட்டுப் போங்க."

அவர் சொன்னது பௌதிக சாஸ்திரத்துக்கு முற்றிலும் இசைந்த வார்த்தை. லென்ஸ் நீளும்போதும் ஃப்ளாஷ் ஊட்டம் ஏறும்போதும் காமிரா ஒரே கணத்தில் பெருமளவு மின்சாரத்தை இழுக்கிறது. மலிவான துத்தநாக–கார்பன் செல், உள்ளே சரக்கு மிச்சமிருந்தும், அந்த இழுப்புக்குத் தாங்காமல் மின்னழுத்தம் சரிந்து ஓய்ந்துவிடும். நிக்கல் வகை ரீசார்ஜ் செல்லோ சளைக்காமல் கொடுக்கும். கைபேசிக்குச் சார்ஜ் போட வசதியில்லாத காட்டு முகாமில், பையில் இரண்டு செல்லை மாற்றிக்கொண்டு மறுநாளும் படமெடுப்பவன் இந்தப் பழைய காமிராக்காரன்தான்.

பச்சையும் மேகமும்

போனக்காட்டிலிருந்து போகிற பாதை முதலில் ஆறுகளைத் தாண்டும் பாதை. கரமனையாறு, அட்டையாறு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கால் நனையும். நிழல் கனத்த காடு. இடையிடையே ஈற்றைப் புதர். இங்கே சிறு காமிராவின் பலவீனம் முதலில் வெளிப்படுகிறது. சுண்டுவிரல் நகத்தினும் சிறிய சில்லு ஆகையால் குறைந்த ஒளியில் அது தடுமாறும். ஐஎஸ்ஓவை 400-க்கு உயர்த்தினால் நிழலெல்லாம் மணல் தூவியதுபோல் பொறிபொறியாகிவிடும். உணர்திறனை 100-க்கு மேலே ஏற்றாமல், காமிராவைப் பாறையின்மேலோ ஊன்றுகோலின் தலையிலோ அழுத்தி வைத்து, கை படும் அதிர்வும் சேராதபடி இரண்டு விநாடி டைமரில் எடுப்பதே இதற்குப் பரிகாரம். ஷட்டரை அமுக்கியபின் காமிரா யோசித்துப் படம் எடுக்கிற தாமதம் அக்காலத்துக் கருவிகளுக்கெல்லாம் பொதுக் குணமாதலால், தாவுகிற கருமந்தியை அதில் பிடிக்கலாம் என்ற ஆசையை அடிவாரத்திலேயே விட்டுவிட வேண்டும்.

அடுத்த பலவீனம் மேகத்தால் வருவது. காட்டைவிட்டுப் புல்வெளிக்கு ஏறியதும், வெள்ளை வானமும் கரிய மரக்கூட்டமும் ஒரே சட்டத்துக்குள் வருகின்றன. அத்தனை பேதத்தையும் இச்சில்லு தாங்காது. மரத்துக்கு ஒளி சரியானால் வானம் வெள்ளைத் தாளாக வெளுத்துப்போகும். நிழலில் தங்கிய விவரத்தைப் பிற்பாடு கம்ப்யூட்டரில் ஓரளவு மீட்கலாம். வெளுத்த இடத்தில் மீட்பதற்கு எதுவுமே பதிவாகியிராது. ஆகையால் எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு படி குறைத்து, வானத்தைக் காப்பாற்றுவதே மலைநாட்டில் பின்பற்றவேண்டிய நீதி.

பலவீனத்தைச் சொன்னவன் பலத்தையும் சொல்லவேண்டும். சில்லு சிறிதானால் லென்ஸும் சிறிது. லென்ஸ் சிறிதானால், அருகிலுள்ள பொருளுக்கும் அதன் பின்னணிக்கும் ஒருசேரத் தெளிவு கிடைக்கும். நாலு விரற்கடை தூரத்தில் காமிராவை வைத்து மேக்ரோவில் எடுத்தால், பாறையில் படர்ந்த கற்பாசியின் ஓரச் சுருளும், அதன்மேல் ஊர்கிற எறும்பும், அதற்கு அப்பால் மங்கலாயினும் அடையாளம் தெரிகிற மலைவிளிம்பும் ஒரே படத்தில் அமையும். அட்டையாற்றங்கரையில் ஈர இலையின் நுனியிலே நின்று, ஆள் வருகிற வெப்பத்துக்கு உடலை நீட்டி நீட்டித் துழாவுகிற அட்டையை இவ்விதம் படமெடுக்கலாம். அது விரலுக்குத் தாவுவதற்கு முன் எடுத்துவிடவேண்டும் என்பதே நிபந்தனை. பையில் உப்புப் பொட்டலம் இருந்தால் தைரியமாக இன்னொரு படமும் எடுக்கலாம்.

ஏழுமடக்குத்தேரி என்ற ஏற்றம் மூச்சை வாங்குகிறது. அதைக் கடந்தால் அதிருமலை முகாம். மறுநாள் காலை அங்கிருந்து புறப்பட்டு, பொங்கலப்பாறையைத் தாண்டி, செங்குத்தான பாறையில் கயிற்றைப் பற்றிக்கொண்டு ஏறவேண்டும். காமிரா கழுத்தில் ஊசலாடினால் பாறையில் மோதும். சட்டைப் பைக்குள் அடங்குகிற காமிராவின் அருமை அங்கே தெரியும். பாறைச் சரிவுகளில், செந்நிறக் குலைகள் தொங்க, வேறெங்கும் அதிகம் காணாத பெண்டிங்கியா பனைகள் நிற்கின்றன. உச்சியில் அகத்தியரின் திருவுருவம், காற்று ஓயாது, மேகம் விலகுகிற வேளையில் கிழக்கே தாமிரபரணி இறங்கும் பள்ளத்தாக்கு திறக்கிறது. பாலத்தில் நின்று காலை வெயிலில் பார்த்த முகத்தை இப்போது பின்புறமிருந்து பார்க்கிறோம்.

ஒரே கண்ணால் பார்ப்பது

இந்தச் சிகரத்துக்கு விஞ்ஞானக் கருவிகள் ஏறியது இன்று நேற்றல்ல. திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்தின் தலைவராக இருந்த ஜான் ஆலன் ப்ரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், திருவாங்கூர் மகாராஜாவின் ஆதரவில், 1855-இல் அகத்திய மலையின் உச்சியிலேயே ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவினார். காந்த ஊசியின் அசைவையும் காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் மலையுச்சியிலும் கீழே திருவனந்தபுரத்திலும் ஒரே வேளையில் அளந்து ஒப்பிடுவது அவர் நோக்கம். யானைகள் உலவும் காட்டுக்கு மேலே, நிலையில்லாத காற்றிலும் மழையிலும், கருவிகளைப் பரிபாலித்து மணிக்கணக்கு வைத்துக் குறித்தவர்களின் சிரமத்தை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. அந்த உழைப்பு முழுவதும் ஒரு தத்துவத்தின்மேல் நின்றது: மாறுதலை அளக்கிற கருவி தான் மாறக்கூடாது.

காமிராவுக்கும் இதே தத்துவம் பொருந்தும் என்று உணர்ந்தவர்கள் உண்டு. ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகளை அளந்த செபாஸ்டியன் ஃபின்ஸ்டர்வால்டர், 1880-களின் இறுதியிலேயே ஒரே இடத்திலிருந்து மறுபடி மறுபடி படமெடுத்து ஒப்பிடும் முறையைத் தொடங்கினார். கனடா தேசத்தில் ராக்கி மலைகளை அளக்கப் போன பழைய நிலஅளவையாளர்கள் விட்டுச்சென்ற ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணாடித் தகடுகளை ஆதாரமாகக் கொண்டு, அவர்கள் நின்ற அதே பாறையில் மீண்டும் ஏறி நின்று படமெடுக்கும் பணியை விக்டோரியா பல்கலைக்கழகத்தார் செய்துவருகிறார்கள். பனி எவ்வளவு பின்வாங்கிற்று, காடு எவ்வளவு மேலேறிற்று என்பவை வாதத்துக்கு இடமின்றிப் பிரத்தியட்சமாகின்றன.

கைபேசியில் இதைச் செய்யலாகாதா என்று கேட்கலாம். செய்யலாம், ஆனால் இன்றைய கைபேசி ஒரு படத்தை ஒரு படமாக எடுப்பதில்லை. அமுக்கிய கணத்தை ஒட்டிப் பல பிம்பங்களை எடுத்து, வெளுத்த வானத்தை ஒன்றிலிருந்தும் இருண்ட மரத்தை இன்னொன்றிலிருந்தும் கூட்டிச் சேர்த்து, பச்சையைப் பளிச்சென்றாக்கி, மூடுபனியை மெலிதாக்கி, கண்ணுக்கு இனிதாகச் சமைத்துத் தருகிறது. சமையல் குறிப்பு மாடலுக்கு மாடல் வேறு. புது மென்பொருள் இறங்கினால் அதே கைபேசியிலும் வேறு. போன வருஷம் எடுத்த படத்தைவிட இந்த வருஷத்துப் படத்தில் மலை பசுமையாக இருந்தால், பசுமையானது மலையா, மென்பொருளா என்று யார் சொல்லக்கூடும்?

பழைய காமிராவுக்குப் புது மென்பொருள் வருவதற்கில்லை. அதன் புத்தி 2005-ஆம் வருஷத்தோடு நின்றுவிட்டது. அதுவே அதன் யோக்கியதை. அழகுணர்ச்சியால் பழைய சிசிடி காமிராக்களைத் தேடுகிறவர்கள் அதன் வர்ணத்தில் ஏதோ மாயம் இருப்பதாகப் பேசிக்கொள்கிறார்கள். வர்ணத்தைத் தீர்மானிப்பது சில்லின் ஜாதியைக் காட்டிலும், அதன்மேலுள்ள வடிகட்டியும் உள்ளிருக்கும் கணக்குமே ஆதலால், அந்தப் பேச்சை முழுதும் ஏற்பதற்கில்லை. நமக்கு வேண்டியது மாயமல்ல. அதே லென்ஸ், அதே சில்லு, அதே கணக்கு என்ற உறுதி. அந்த உறுதிக்கும் நம் ஒத்துழைப்பு வேண்டும்: வெண்மைச் சமன்பாட்டைத் தானியங்கியில் விடாமல் சூரியக் குறியில் நிறுத்தவேண்டும், ஜூமை முழுதும் உள்ளே இழுத்தே எடுக்கவேண்டும், நாணயம் போன்ற சிறு பேட்டரி ஓய்ந்தால் காமிரா தேதியை மறந்துவிடுமாதலால், புறப்படுமுன் தேதியும் மணியும் சரிபார்க்கவேண்டும்.

நம் பள்ளத்தாக்கில் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டியவை ஏராளம். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,373 ஏக்கர் காட்டை 99 வருஷக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனி 1929-இல் பெற்று, மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து முதலிய இடங்களில் தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கிற்று. குத்தகை 2028-இல் முடிய இருக்க, 2024-இல் கம்பெனி வேலையை நிறுத்தித் தொழிலாளரை விருப்ப ஓய்வில் அனுப்ப முற்பட்டதும், தலைமுறை தலைமுறையாக லயன் வீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் எங்கே போவது என்ற கேள்வி நீதிமன்றம் வரை சென்றதும் வாசகர்கள் அறிந்தவை. கூலி உயர்வு கேட்டு வந்த இதே தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில்தான், 1999 ஜூலை 23-ஆம் தேதி, திருநெல்வேலித் தாமிரபரணிக் கரையில் பதினேழு உயிர்கள் போயின.

கவாத்து வெட்டாமல் விட்டால் தேயிலைச் செடி இடுப்பளவில் நிற்காது. ஆள் உயரம் தாண்டி மரமாகிவிடும். வரிசை வரிசையாகச் சீவிவிட்ட சரிவுகள் கலைந்து, இடையே காட்டு மரங்கள் தலைதூக்கி, ஒருநாள் அங்கே தோட்டம் இருந்ததா என்று கேட்கும்படி ஆகலாம். அந்த மாறுதல் வனத்துக்கு நன்மையா, அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இழப்பா என்பதைப் பற்றி இரு திறத்தாரும் பேசுவார்கள். பேச்சுக்கு ஆதாரமாக, சாலையின் ஒரே வளைவிலிருந்து எடுத்த படவரிசை யாரிடம் இருக்கிறது? தோட்டத்துக் குடும்பங்களின் பழைய ஆல்பங்களில், பொங்கலுக்கும் சடங்குக்கும் எடுத்த படங்களின் பின்புலமாக, அந்தச் சரிவுகள் தற்செயலாகப் பதிந்திருக்கின்றன. அவற்றில் பலவும் மலிவான காமிராவில் எடுத்தவையே. முன்னால் நிற்கிற பிள்ளைகளின் முகம் குடும்பத்துக்குப் பொக்கிஷம். பின்னால் நிற்கிற மலை சரித்திரத்துக்குப் பொக்கிஷம்.

இருப்பிடம் அறியாத கருவி

பழைய காமிராவுக்கு இன்னொரு நற்குணம் உண்டு: தான் எங்கே இருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. கைபேசியில் எடுத்த படத்துக்குள், அனுமதித்திருந்தால், அட்சரேகையும் தீர்க்கரேகையும் எழுதப்பட்டுவிடும். படத்தை அனுப்புகிறவன் அறியாமலே இடத்தையும் சேர்த்து அனுப்புகிறான். கடைத்தெருவில் அதனால் கெடுதல் இல்லை. ஆனால் ட்ரூரி என்ற ராணுவ அதிகாரி பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மலையில் கண்ட மஞ்சள் நிறச் செருப்பு ஆர்க்கிட், சேகரிப்போரின் பேராசையால் ஏறத்தாழ அழிந்தேபோயிற்று என்று எண்ணப்பட்டு, 1970-களில் மறுபடி காணப்பட்டது என்பதை நினைத்தால், அருமையான செடி ஒன்று நிற்கும் இடத்தை உலகுக்கு அறிவிப்பது எவ்வளவு ஆபத்தான உபகாரம் என்பது விளங்கும். இருவாச்சிக் கூட்டுக்கும் இதுவே நியாயம். கூட்டம் சேர்ந்தாலே அது குஞ்சுக்குப் பகை.

காட்டில் மிகுதியாகப் படமெடுப்பவை மனிதர் கையில் இல்லாத காமிராக்கள் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். மரத்தில் கட்டிவைத்து, முன்னால் உயிருள்ளது நகர்ந்தால் தானே சொடுக்கும் எளிய காமிராக்கள் அவை. 2018–19-இல் நடந்த அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் அவற்றை வைத்து, 3.48 கோடி படங்கள் பெற்றார்கள். ஒவ்வொரு புலியின் கோடும் வேறு வேறாதலால், படத்தைக் கொண்டே தனித்தனியாக அடையாளம் கண்டார்கள். கலையழகு என்று சொல்ல அவற்றில் ஒன்றுமில்லை. நிலைத்த இடம், நிலைத்த கோணம், பிழையற்ற தேதி என்ற மூன்றைக் கொண்டே அவை தேசத்தின் புலித் தொகையைச் சொல்லிவிடுகின்றன.

ஆற்றங்கரையில் தொடங்கவேண்டிய வேலை

மலையேறித்தான் இதைச் செய்யவேண்டும் என்பதில்லை. திருநெல்வேலியில் வெள்ளம் எவ்வளவு என்று கேட்டால், குறுக்குத்துறை முருகன் கோயில் எதுவரை மூழ்கியிருக்கிறது என்று பதில் சொல்லுவது ஊர் வழக்கம். 2023 டிசம்பரில் பெருமழை கொட்டித் தென்மாவட்டங்கள் தத்தளித்தபோதும் கண்கள் அந்தக் கோயிலைத்தான் தேடின. அந்தக் கரையில் ஓர் இடம். சுலோசன முதலியார் 1843-இல் கட்டிக்கொடுத்த பாலத்தின் அருகே ஓர் இடம். பாபநாசம் படித்துறையில் ஓர் இடம். மணிமுத்தாறு அணையின் கரையிலிருந்து மலையை நோக்கி ஓர் இடம். முதலில் சொன்ன அம்பாசமுத்திரம் பாலம் ஓர் இடம். மாதம் ஒரு முறை, காலையில் மேகம் மூடுமுன், ஒரே நேரத்தில், ஒரே காமிராவால் ஒரு படம் எடுத்தால் போதும். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் வருஷந்தோறும் தை மாதத்தை ஒட்டி நீர்ப்பறவைகளைத் தன்னார்வலர்கள் எண்ணிவருகிறார்கள். 2011 முதல் நடக்கும் அந்தப் பணியில் கல்லூரி மாணவரும் பள்ளிப் பிள்ளைகளும் உற்சாகமாகக் கலந்துகொள்வதைப் பார்க்கிறவர்களுக்கு, இதற்கும் ஆள் கிடைக்காமல் போகாது என்ற நம்பிக்கை ஏற்படும். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பழைய காமிராவைத் தேடிக்கொடுப்பது பழைய மாணவர் சங்கங்களால் ஆகாத காரியமா?

எடுத்த படத்தைக் காப்பதும் எடுப்பதில் பாதி. மெமரி கார்டு பெட்டகம் அல்ல. ஒவ்வொரு முறையும் இரண்டு வேறு இடங்களில் நகல் வைக்கவேண்டும். வருஷத்துக்கு ஒரு படமாவது ஸ்டூடியோவில் கொடுத்து அச்சிடவேண்டும். அச்சின் பின்புறம் இடம், தேதி, மணி, நின்ற கல் அல்லது தூணின் அடையாளம், காமிராவின் பெயர் ஆகியவற்றைப் பேனாவால் எழுதவேண்டும். அவ்விடத்தில் மழை எத்தனை நாள் பெய்யவில்லை, ஆற்றில் தண்ணீர் திறந்திருந்தார்களா என்ற ஒரு வரிக் குறிப்பும் இருந்தால் படத்தின் மதிப்பு இரட்டிக்கும்.

சில்லிலே சில புள்ளிகள் காலத்தால் குருடாகலாம். லென்ஸின் இயந்திரம் ஒருநாள் நின்றுவிடலாம். அப்படி ஆகும்போது, வேறொரு காமிராவுக்கு மாறுமுன், இரண்டாலும் ஒரே நாளில் ஒரே இடத்திலிருந்து படமெடுத்து வைத்துவிட்டால், பழைய வரிசையும் புதிய வரிசையும் அறுபடாமல் பிணைந்துவிடும். பழைய தராசை விலக்குமுன் புதியதோடு ஒத்துப்பார்க்கிற வியாபாரியின் விவேகம் இது. அந்த ஒரு நாளைத் தவறவிடாதவர்களுக்குக் காமிரா ஓய்ந்தாலும் கவலையில்லை; வரிசை தொடரும். தொடங்கவேண்டிய வேலைக்கு வேண்டிய செலவு இரண்டு ஜோடி செல்லும் ஒரு பேனாவும். மற்றதெல்லாம் பீரோவில் இருக்கிறது.